மூளையும் தோலும் ஒரே படையிலிருந்தா?

தக்கலை மாணவி:
பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறேன். தொடக்கக் கருவின் மூன்று செல் அடுக்குகளில் வெளிப்புறமான புறப்படையிலிருந்தே தோலும் மூளையும் உருவாகின்றன என்கிறார்கள். வெளியே இருக்கும் தோலுக்கும் மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கும் ஒரே தொடக்கம் எப்படி இருக்க முடியும், ஐயா?

நாகர்கோவில் ஆசிரியர்:
அருமையான கேள்வி, மகளே. கருத்தரித்த மூன்றாம் வாரத்தில், அடியிலுள்ள முதுகுநாண் என்னும் தண்டு போன்ற அமைப்பு தரும் வேதிக் குறிப்புகளால் முதுகுப்புறத்துப் புறப்படை தடித்து, அதன் இரு ஓரங்களும் பனையோலை நீளவாக்கில் சுருள்வதைப் போல எழுந்து வளைந்து ஒன்றுசேர, உருவாகும் குழாய் உள்ளே இறங்கிவிடுகிறது. அதுவே மூளையும் தண்டுவடமும் ஆகிறது. அதன்மேல் மூடும் புறப்படை மேல்தோலாகிறது. அடித்தோல் பெரும்பாலும் நடு அடுக்கான இடைப்படையிலிருந்து வருவது. இதை மாணவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள்.

குளச்சல் செவிலியர்:
அந்தக் குழாய் கருத்தரித்த ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே அறியாத காலம் அது. அதனால்தான், குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமிலத்தை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்று, எங்கள் கடற்கரை ஊர்ப் பெண்களிடம் ஓயாமல் சொல்லி வருகிறேன்.

மார்த்தாண்டம் வாசகர்:
ஓர் உறுப்பு ஒரே படைக்கு உரியது என்று எண்ணிவிட வேண்டாம், தங்கையே. நுரையீரலின் உட்படலம் உள் அடுக்கான அகப்படையிலிருந்தும், அதன் தசையும் குருத்தெலும்பும் இடைப்படையிலிருந்தும் வருகின்றன. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதியான புறணி இடைப்படையைச் சேர்ந்தது. உட்பகுதியான அகணியோ, அந்தக் குழாய் உருவாகும்போது மடிப்பின் ஓரங்களில் இருக்கும் நரம்பு முகட்டிலிருந்து நகர்ந்து வந்த செல்களால் ஆனது.