மிமிக்யூ, ஸோரோஆர்க், டிட்டோ: வேஷம் கட்டி வந்தவங்களோட மோதின அனுபவம் எழுதுங்க

எல்லைக்காத்து, கொழிஞ்சாம்பாறை

போக்கிமான் ஆட்டத்துல மிமிக்யூவோட டிஸ்கைஸ் எபிலிட்டியைப் (மேல போத்தியிருக்கற துணி வேஷம் முதல் அடியை வாங்கிக்கற தனித்திறமை) பத்திக் கேட்டா எல்லாரும் "ஒரு அடி ஓசி"ன்னு சொல்லி முடிச்சுடறாங்க. எனக்கு அது பத்தலைங்க. அந்த ஓசி அடி விழற டர்ன்ல ஆட்டம் எப்படிச் சாயுதுன்னு, எதிர்ல நின்னு பார்த்தவங்க எழுதினாத்தான் விளங்கும். மிமிக்யூ, ஸோரோஆர்க், டிட்டோ, எது உங்க முன்னாடி வேஷம் கட்டி நின்னுச்சோ அதை எழுதுங்க. ஜெயிச்சீங்களா தோத்தீங்களாங்கறதை விட, எந்த டர்ன்ல என்ன அழுத்தினாங்கன்னு எழுதினா எல்லாருக்கும் உதவும்.

நானே ஆரம்பிக்கறேன். மாமா துபாய்ல இருந்து கொண்டாந்த ஸ்விட்ச்சுல போக்கிமான் ஸ்கார்லெட். எதிர்ல சித்தூர்ப் பையன், மலையாளி, கையில அருமையான டீம். லெவல் 50, ஒத்தைக்கு ஒத்தை. அவன் பக்கம் கார்சாம்ப் நிக்குது, என் பக்கம் மிமிக்யூ. கார்சாம்போட அடிப்படை வேகம் 102, மிமிக்யூவோடது 96, அதனால முதல் அடி அவனோடதுதான். மிமிக்யூ கோஸ்ட்டும் ஃபேரியும் கலந்த டைப், டிராகன் மூவ் ஃபேரி டைப் மேல ஏறவே ஏறாதுங்கறதால எர்த்க்வேக் போட்டான். மிமிக்யூ தலைக்கு மேல வெச்சிருக்கற பொம்மைத் தலை ஒடிஞ்சு ஒரு பக்கமாத் தொங்குச்சு. அதே டர்ன்ல நான் சோர்ட்ஸ் டான்ஸ் போட்டு அட்டாக்கை ரெண்டு மடங்கு ஆக்கிட்டேன்.

இப்பக் கணக்கைப் பாருங்க. சாதாரணமா மிமிக்யூவோட ப்ளே ரஃப்ங்கற ஃபேரி மூவ் அந்த கார்சாம்ப் மேல 126-ல இருந்து 150 வரைக்கும்தான் போகும். அதுக்கு ஹெச்பி (உயிர் அளவு) 183. ஒரே அடில சாயாது. சோர்ட்ஸ் டான்ஸுக்கு அப்புறம் குறைஞ்சபட்ச அடியே 250-ஐத் தாண்டுது. ஆக, அந்தத் துணி எனக்குச் சம்பாதிச்சுக் குடுத்தது ஒரு டர்ன். அந்த டர்னுக்குள்ள, தோக்கற ஜோடி ஜெயிக்கற ஜோடி ஆயிடுச்சு.

ஆனா இன்னொரு எர்த்க்வேக்கைத் தாங்கணுமில்லைங்களா? இங்கதான் 2016-க்கும் 2019-க்கும் உள்ள வித்தியாசம். சன், மூன் ஆட்டத்துல மிமிக்யூ அறிமுகமானப்போ துணி கிழிஞ்சா ஹெச்பி ஒண்ணும் போகாது. சோர்ட், ஷீல்டு வந்ததுல இருந்து, கிழியும்போதே மொத்த ஹெச்பில எட்டுல ஒரு பங்கு போயிடும். ஹெச்பிக்கும் டிஃபென்ஸுக்கும் எதுவும் ஏத்தாத மிமிக்யூவுக்கு 130 ஹெச்பி, கிழிஞ்ச உடனே 16 காலி, மிச்சம் 114. அட்டாக் முழுசா ஏத்தின ஜாலி நேச்சர் (வேகத்தைக் கூட்டற குணம்) கார்சாம்போட எர்த்க்வேக் 103-ல இருந்து 123 வரைக்கும் விழும். ஆட்டம் உருட்டற 16 விதமான அடில 8-ல என் மிமிக்யூ செத்துடும், 8-ல பொழச்சுக்கும். சரி பாதி. பழைய விதிப்படி 130-உம் முழுசா இருந்திருந்தா 123 அடிச்சாலும் நின்னிருக்கும். அந்த 16 ஹெச்பிதான் உறுதியான ஜெயிப்பைப் பூவா தலையா ஆக்கினது. என்னைக் கேட்டா அது நல்ல திருத்தம். அதுக்கு முன்னாடி எதிர்ல ஆடறவனுக்கு மூச்சு விடவே இடம் இருக்கலை.

அன்னைக்கு மிமிக்யூ நின்னுச்சு. ப்ளே ரஃப் பத்துக்கு ஒரு தடவை தவறும், அன்னைக்குத் தவறலை. கார்சாம்ப் சாஞ்சுது.


கூத்து பார்த்தவ, பாலக்காடு

அண்ணா, மிமிக்யூ வேஷம் ஊருக்கே தெரிஞ்ச வேஷம். இறங்கும்போதே இது மிமிக்யூன்னு தெரியும், ஒரு அடி வீணாகும்னும் தெரியும். ஸோரோஆர்க் அப்படி இல்லை. அதோட இல்யூஷன் எபிலிட்டி, உங்க டீம்ல உயிரோட இருக்கற கடைசி ஆளோட உருவத்தையும் பேரையும் எடுத்துக்கும். டைப் மட்டும் அதோட சொந்த டைப்தான். இந்த இடுக்குலதான் எனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு.

நான் வெச்சிருக்கறது ஹிசுயி ஸோரோஆர்க், அதாவது ஹிசுயி பிரதேசத்து வகை. 2010-ல பிளாக், ஒயிட் ஆட்டத்துல வந்த பழைய ஸோரோஆர்க் டார்க் டைப். 2022 ஜனவரில லெஜண்ட்ஸ் ஆர்சியஸ்ல வந்த இது நார்மலும் கோஸ்ட்டும் கலந்தது. நார்மல், ஃபைட்டிங், கோஸ்ட் மூணும் இதைத் தொடாது. டார்க் ஒண்ணுதான் இதுக்கு ஆகாது. அதனால டீமோட கடைசி இடத்துல கிங்காம்பிட்டை வைப்பேன். கிங்காம்பிட் டார்க்கும் ஸ்டீலும். ஃபைட்டிங் மூவ் அதுக்கு நாலு மடங்கு வலிக்கும், அதனால எதிராளி கை நேரா அங்கதான் போகும். டார்க் மூவ் அது மேல பாதிதான் ஏறும், அதனால அதை யாரும் அழுத்தமாட்டாங்க. உள்ள இருக்கற ஸோரோஆர்க்குக்கு இது ரெண்டும் அப்படியே தலைகீழ்.

காலேஜ்ல கூடப் படிக்கற தோழி கிரேட் டஸ்க் வெச்சிருந்தா. முன்னாடியே ஸ்டெல்த் ராக் (உள்ள இறங்கறவங்க மேல பாறை விழற பொறி) என் பக்கம் போட்டு வெச்சுட்டா. என்னோட ஒண்ணு விழுந்ததும் ஸோரோஆர்க்கை அனுப்பினேன், திரையில கிங்காம்பிட் நிக்குது. வேகம் ஸோரோஆர்க்குக்கு 110, கிரேட் டஸ்க்குக்கு 87. நான் முந்தி, ஸ்பெஷல் அட்டாக்கைக் கூட்டற நாஸ்டி ப்ளாட் போட்டேன். அவ ஏற்கனவே அழுத்தி வெச்ச ஃபைட்டிங் மூவ் க்ளோஸ் காம்பேட் வந்து ஒண்ணுமே ஆகலை. "இதெந்தா, ஏல்க்குந்நில்லல்லோ!"ன்னு திரையையே பார்த்துட்டு இருந்தா. அடிபடாததால வேஷமும் கலையலை, கிங்காம்பிட் உருவத்துலயே நின்னுச்சு. அவகிட்ட நாக் ஆஃப்ங்கற டார்க் மூவ் இருந்துச்சு. அதை அழுத்தியிருந்தா என் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும், ஏன்னா அதோட டிஃபென்ஸ் வெறும் 60. ஆனா கிங்காம்பிட்டைப் பார்த்து நாக் ஆஃப் யார் அழுத்துவா? அடுத்த டர்ன் ஷேடோ பால், கிரேட் டஸ்க் விழுந்துடுச்சு.

ஆட்டம் முடிஞ்சப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து அலசினோம். துப்பு அவ கண்ணு முன்னாடியே இருந்துச்சு. ஸ்டெல்த் ராக் கிங்காம்பிட் மேல பதினாறுல ஒரு பங்குதான் எடுக்கும். அன்னைக்கு எட்டுல ஒரு பங்கு போச்சு, ஏன்னா பாறை விழுந்தது ஸோரோஆர்க் மேல. ஹெச்பி கோடு கொஞ்சம் கூடவே இறங்கினதைப் பார்த்திருந்தா அப்பவே பிடிச்சிருக்கலாம். அவ தன் பக்கம் கிடக்கற பொறியைத் துடைக்க ராப்பிட் ஸ்பின் போட்டிருந்தாலும் நார்மல் மூவ்ங்கறதால ஏறியிருக்காது, துடைச்சும் இருக்காது.

எங்க பக்கம் பகவதி கோயில் கூத்துமாடத்துல தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவ நான். மாயமான் அடி தாங்கறதுக்கு வரலை, ராமனை வேற திசைக்கு இழுக்க வந்துச்சு. ஸோரோஆர்க்கும் அதே வேலைதான் செய்யுது.


கோட்டை மைதானம்

நான் போக்கிமான் கோ மட்டும்தான் ஆடறேன், பேட்டில் கணக்கெல்லாம் அவ்வளவு தெரியாது. ஆனா சோருவா (ஸோரோஆர்க்கோட சின்ன வடிவம்) அனுபவம் எனக்கும் உண்டு. பாலக்காட்டுக் கோட்டையைச் சுத்தி காலையில நடக்கும்போது, என் பட்டியா (buddy, கூட நடக்கற துணையா) வெச்சிருந்த லுக்காரியோவே மேப்புல காட்டுப் போக்கிமானா நிக்குது. அது அவ்வளவு சுலபமா வெளிய வர்ற போக்கிமான் கிடையாதே, நெஞ்சு படபடன்னு அடிச்சுது. பந்து வீசிப் பிடிச்சா சோருவா! கோ-வுல அது உங்க பட்டியோட உருவத்துல வரும், பிடிச்சப்புறம்தான் நிஜ முகம் காட்டும். டிட்டோவும் 2016-ல இருந்தே கோ-வுல இதே மாதிரி வேற ஒண்ணா வந்து, பிடிச்சதும் மாறும். அடிதடி இல்லாட்டியும் அந்த ஒரு நொடி சந்தோஷம் இருக்கே, அதை எழுதணும்னு தோணுச்சு.


மீனாட்சிபுரம் தம்பி

அண்ணா, அக்கா, நான் இப்பத்தான் ஷோடவுன்ல (ஆன்லைன்ல போக்கிமான் மோதல் ஆடற தளம்) ஆட ஆரம்பிச்சிருக்கேன். மிமிக்யூ வந்தாலே என் டீம் பூரா துடைச்சுட்டுப் போயிடுது. துணியைக் கிழிக்கறதுக்கே ஒரு ஆளைக் குடுக்க வேண்டியிருக்கு. என்ன பண்றது?


எல்லைக்காத்து, கொழிஞ்சாம்பாறை

தம்பி, முதல்ல துணியைக் கிழிக்காமலே வேலை முடிக்கப் பாரு. டிஸ்கைஸ் தடுக்கறது நேரா அடிக்கற அடியை மட்டும்தான். வில் ஓ விஸ்ப் போட்டுச் சுட்டா துணி அப்படியே இருக்கும், ஆனா அட்டாக் பாதியாயிடும். அப்புறம் அது சோர்ட்ஸ் டான்ஸ் ஆடினாலும் பழைய நிலைமைக்குத்தான் வரும். ஸ்டெல்த் ராக்கும் துணியைக் கிழிக்காது, ஆனா ஹெச்பியை எடுக்கும்.

பல தடவை விழற மூவ் இருந்தா இன்னும் சுலபம். க்ளாய்ஸ்டர் ஸ்கில் லிங்க் எபிலிட்டியோட ஐசிகிள் ஸ்பியர் போட்டா அஞ்சு குத்து. முதல் குத்து துணிக்கு, மிச்சம் நாலும் உடம்புக்கு. மவுஸ்ஹோல்டோட பாப்புலேஷன் பாம்பை நம்பிடாத. பத்து அடி விழும்தான், ஆனா அது நார்மல் மூவ், மிமிக்யூ மாதிரி கோஸ்ட் டைப் மேல ஒண்ணுகூட ஏறாது.

எல்லாத்துக்கும் மேல மோல்ட் ப்ரேக்கர். அந்த எபிலிட்டி இருக்கறவங்க டிஸ்கைஸை மதிக்கவே மாட்டாங்க. மோல்ட் ப்ரேக்கர் வெச்ச டிங்கட்டன் கிகாடன் ஹாமரைத் தூக்கினா, 160 பவர் ஸ்டீல் மூவ், ஃபேரிக்கு ரெட்டை அடி. மிமிக்யூ ஆடறவங்க, ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு டீமையும் காட்டற டீம் ப்ரிவ்யூல டிங்கட்டனைப் பார்த்தாலே அதை ஓரமா வெச்சுடுவாங்க. ஒண்ணு நினைவுல வெச்சுக்க: ஒரு தடவை கிழிஞ்ச துணி, மிமிக்யூ உள்ள போயிட்டு வந்தாலும் தைக்கப்படாது. அதனால ஆட்டத்தோட ஆரம்பத்துலயே எந்தச் சின்ன அடியாலயாவது கிழிச்சு வெச்சுட்டா, கடைசில அது வர்றப்போ வெறும் மிமிக்யூதான்.


ஏலக்காட்டான், குமுளி

தம்பிக்கு இன்னொரு வழி சொல்றேன். டிட்டோ வைச்சுக்கோ, எதிர்ல நிக்கறதா மாறற இம்போஸ்டர் எபிலிட்டியோட, வேகத்தைக் கூட்டற சாய்ஸ் ஸ்கார்ஃப் கட்டி, ஹெச்பி முழுசா ஏத்தி. எதிரி மிமிக்யூ துணி கிழிஞ்சு, ஒரு சோர்ட்ஸ் டான்ஸும் ஆடி நிக்கும்போது இறக்கு. டிட்டோ இறங்கின உடனே மிமிக்யூவா மாறிடும், அந்த ரெட்டை அட்டாக்கும் சேர்ந்து வரும். துணி மட்டும் கிடைக்காது. எதிரி ஷேடோ ஸ்னீக்கால முந்தி அடிப்பான். அடியைக் கூட்டற பொருள் எதுவும் பிடிக்காத ஜாலி மிமிக்யூவோட ஷேடோ ஸ்னீக், அந்த நிலைமையில அதிகபட்சம் 152. லெவல் 50-ல டிட்டோவோட ஹெச்பி 155. மூணு ஹெச்பில நின்னு ஷேடோ க்ளா திருப்பிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கேன். எஸ்டேட்ல கரண்ட் போகப் போகுதேன்னு பயந்துகிட்டே ஆடின ஆட்டம் அது.

ஆனா நான் எழுத வந்த அனுபவம் வேற. ஷோடவுன்ல இரட்டையர் ஆட்டம், ஆறு பேரைக் காட்டி நாலு பேரைக் கொண்டு வரணும். எதிராளியோட டீம் ப்ரிவ்யூல ஹிசுயி ஸோரோஆர்க் இருந்துச்சு. கூடவே ஒரு கிங்காம்பிட், ஒரு இன்சினரோர். ரெண்டுமே ஃபைட்டிங் மூவுக்குப் பலவீனம். அந்த நொடியில இருந்து என் பக்கத்துல இருந்த உர்ஷிஃபுவோட க்ளோஸ் காம்பேட் பட்டனை நம்பி அழுத்த முடியலை. கிங்காம்பிட் வந்துச்சு. இது நிஜமா, அதுவா? அதைத் தெரிஞ்சுக்கறதுக்காகவே பலமில்லாத தண்ணி மூவை அழுத்தினேன். நிஜக் கிங்காம்பிட். அடியை வாங்கிகிட்டுத் திருப்பி அடிச்சு என் பார்ட்னரைச் சாய்ச்சுது. இன்சினரோர் வந்தப்பவும் அதே யோசனை. அதுவும் நிஜம்.

அவர் கொண்டு வந்த நாலு பேர்ல ஸோரோஆர்க் இல்லவே இல்லை. மேடைக்கு வராமலே என்னோட சிறந்த மூவை ரெண்டு தடவை அடக்கி வைச்சிருக்கு. இல்யூஷனோட முழு பலம் இதுதான்னு நான் நம்பறேன். மிமிக்யூவோட துணி ஒரு அடியைத்தான் சாப்பிடும். இது, வந்தாலும் வராட்டியும், ஒவ்வொரு டர்னையும் கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடும்.


கூத்து பார்த்தவ, பாலக்காடு

குமுளி அண்ணா, அந்த ஆட்டத்தோட ரீப்ளே சேமிச்சு வெச்சிருந்தா இங்க போடுங்க. நிஜக் கிங்காம்பிட்டா இல்லையான்னு வேகத்தை வெச்சே பிடிக்க வழி இருந்துச்சான்னு பார்க்கணும். அதோட அடிப்படை வேகம் 50தான், ஸோரோஆர்க்கோடது 110. முதல் டர்ன்ல யார் முந்தினாங்கங்கறது ரீப்ளேல தெரிஞ்சுடும்.


ஏலக்காட்டான், குமுளி

சேமிச்சு வைச்சிருக்கேன்மா. ராத்திரி வீட்டுக்குப் போய்ப் போடறேன். ரெண்டாவது டர்னைப் பாருங்க, ஒருத்தர் டெயில்விண்ட் (தன் பக்கத்தோட வேகத்தை ரெட்டிப்பாக்கற மூவ்) போட்டிருப்பாரு, வேகக் கணக்கு அங்கதான் குழம்பும்.