பூனைக்கு ஐவர்மெக்டின் ஊசி: வீட்டில் போடலாமா?

கேள்வி (ஏற்காடு): எங்கள் 3 கிலோ பூனைக்குக் காதோரத்தில் சொறி படர்ந்திருக்கிறது. மாட்டுக்கு வாங்கிய 1 சதவீத ஐவர்மெக்டின் ஊசியை (ஒட்டுண்ணிகளைக் கொல்லும் மருந்து) நாங்களே போடலாமா?

பதில் 1: தயவுசெய்து வேண்டாம். அம்மருந்தின் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. மருத்துவர் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று கணித்தால்கூட உங்கள் பூனைக்குச் சேர வேண்டியது 0.06 மில்லிதான் என்பதால், சிரிஞ்சில் சிறிது பிசகினாலும் அளவு பல மடங்காகிவிடும். குட்டிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

பதில் 2: ஏற்கெனவே யாரேனும் போட்டிருந்தால் தள்ளாட்டம், நடுக்கம், கண்மணி விரிதல், பார்வையிழப்பு ஆகியவற்றைக் கவனியுங்கள், இதற்குத் தனி முறிமருந்து கிடையாது என்பதால் அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பிடரியில் விடும் செலமெக்டின் என்ற ஒட்டுண்ணிக் கொல்லிச் சொட்டுமருந்து பற்றியும் அவரிடமே கேளுங்கள். நாய்களுக்கான பெர்மெத்ரின் சொட்டுமருந்தைப் பூனைக்கு ஒருபோதும் விடாதீர்கள். அது உயிரையே பறிக்கும்.

கேட்டவர்: மிக்க நன்றி. நாளைக் காலையில் சேலத்துக்குக் கொண்டுசென்று கால்நடை மருத்துவரிடம் காட்டுகிறோம்.

பதில் 1: உடன் வளரும் பூனைகளையும் அழைத்துச் செல்லுங்கள், சொறிப்பூச்சி எளிதில் தொற்றும்.