மண்டப புக்கிங் வெப் ஆப்: 6 வாரத்துல எந்த டெஸ்டிங், எந்த வரிசையில?

கிண்டி_டெவ்:
வணக்கம். சென்னையில இருக்கிற கல்யாண மண்டபங்களை ஆன்லைன்ல புக் பண்ற ஆப். முன்னால ரியாக்ட், பின்னால ஸ்பிரிங் பூட், டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். தேதியும் வேளையும் (காலை முகூர்த்தம் அல்லது மாலை ரிசப்ஷன்) தேர்ந்தெடுத்தா 10 நிமிஷம் ஹோல்ட் ஆகும். அதுக்குள்ள அட்வான்ஸ் கட்டணும். தை முகூர்த்த புக்கிங் திறக்க 6 வாரம் இருக்கு. 4 டெவலப்பர், 1 டெஸ்டர். யூனிட் டெஸ்ட் (கோட்டோட சின்னச் சின்ன பகுதியைத் தனித்தனியா சோதிக்கிறது) கவரேஜ் 80 சதவீதம். இன்டக்ரேஷன் (பகுதிகளைச் சேர்த்துச் சோதிக்கிறது), ரெக்ரஷன் (பழையது கெட்டுப்போச்சான்னு பார்க்கிறது), லோட், செக்யூரிட்டி, யூசபிலிட்டின்னு பட்டியல் நீளுது. எல்லாத்துக்கும் நேரம் பத்தாது. எதுல ஆரம்பிக்கலாம்?

பெருங்குடி_கியூஏ:
டெஸ்டிங் வகையோட பேரை வச்சு வரிசை போடாதீங்க. இந்த ஆப்ல நடக்கவே கூடாதது ஒன்னு இருக்கு: ஒரே மண்டபத்தை ஒரே வேளைக்கு ரெண்டு வீட்டுக்குக் கொடுத்துடறது. பத்திரிகை அடிச்சப்புறம் தெரிஞ்சா, பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் ஈடாகாது. முதல் வாரத்தை இதுக்கே ஒதுக்குங்க.

யூனிட் டெஸ்ட் 100 சதவீதம் இருந்தாலும் இது சிக்காது. காலியா இருக்கான்னு பார்க்க ஒரு செலக்ட், அப்புறம் பதிய ஒரு இன்சர்ட். நடுவுல சில மில்லி செகண்ட். அந்த இடைவெளியில இன்னொரு ரிக்வெஸ்ட் வந்தா அதுக்கும் "காலி"ன்னுதான் பதில் போகும். ஜேமீட்டர்ல (நிறைய பேர் வர்ற மாதிரி ரிக்வெஸ்ட் அனுப்பற டூல்) 50 த்ரெட், அதாவது 50 பேர் மாதிரி வச்சு, சின்க்ரனைசிங் டைமர் சேர்த்து, அத்தனையையும் ஒரே நேரத்துல ஒரே தேதி மேல விடுங்க. 1 புக்கிங், 49 தடவை 409 (மோதல்னு சொல்ற பிழை எண்) வரணும். ஒருமுறை சரியா வந்ததோட நிறுத்தாம 20 தடவை ஓட்டுங்க, ரேஸ் கண்டிஷன் (ரிக்வெஸ்ட்கள் ஒன்னையொன்னு முந்தறதால வர்ற பிழை) ஒவ்வொரு தடவையும் வெளிய தெரியாது.

இதுக்கான பாதுகாப்பு டேட்டாபேஸ்லயே இருக்கணும்: மண்டபம், தேதி, வேளை மூணுக்கும் சேர்த்து யூனிக் இண்டெக்ஸ் (அதே மூணும் ரெண்டாவது தடவை பதியாம தடுக்கிறது). ஆனா கேன்சல் ஆன வரிசைகள் குறுக்க நிக்கும்கறதால, ஹோல்ட், கன்ஃபர்ம் ரெண்டு ஸ்டேட்டஸுக்கு மட்டும் பார்ஷியல் இண்டெக்ஸா போடணும். அந்த நிபந்தனையில "இப்போதைய நேரம்"னு எழுத போஸ்ட்கிரஸ் விடாது. காலாவதியான ஹோல்டோட ஸ்டேட்டஸை மாத்துற வேலை தனியா இருக்கணும். அதுக்கும் டெஸ்ட் எழுதுங்க. இன்டக்ரேஷன் டெஸ்டை எச்2 (டெஸ்டுக்கு வைக்கிற சின்ன டேட்டாபேஸ்) மேல ஓட்டினா இதெல்லாம் அர்த்தமில்லாம போயிடும், அதுல பார்ஷியல் இண்டெக்ஸே கிடையாது. டெஸ்ட்கன்டெய்னர்ஸ் லைப்ரரி மூலமா அசல் போஸ்ட்கிரஸையே ஏத்துங்க.

அடுத்தது பேமென்ட். கேட்வேயிலிருந்து வர்ற வெப்ஹுக்கை (பணம் வந்துச்சுன்னு சர்வருக்குச் சொல்ற மெசேஜ்) ரெண்டு தடவை அனுப்பிப் பாருங்க, புக்கிங் ஒன்னுதான் இருக்கணும். பிரவுசர் திரும்பி வர்றதுக்கு முன்னாடியே வெப்ஹுக் வந்துட்டா? ஹோல்ட் 10 நிமிஷத்துல முடிஞ்சு, வேற ஒருத்தர் அந்தத் தேதியை எடுத்து, 11-வது நிமிஷம் முதல் ஆளோட யூபிஐ பணம் வந்தா? இதுக்குப் பதில் கோட்ல இல்லைன்னா முதல்ல அதை முடிவு பண்ணுங்க. டெஸ்ட்ல 10 நிமிஷம் காத்திருக்க வேண்டாம், கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுக்கிற மாதிரி கோட் எழுதினா போதும்.

அம்பத்தூர்_டெஸ்டர்:
மேல சொன்னது எல்லாம் சரி. பட்டியல்ல இல்லாத ரெண்டு இடத்தைச் சேர்க்கறேன்.

ஒன்னு நேரம். காலை 4:30 முகூர்த்தம் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்குல முந்தின நாள் இரவு 11:00. சர்வர் யூடிசில ஓடி, தேதியை மட்டும் வெட்டி எடுத்தா புக்கிங் ஒரு நாள் முன்னாடி போய் விழும். டெவலப்பர் லேப்டாப் இந்திய நேரத்துல இருக்கிறதால அங்க தெரியவே தெரியாது. 5:29, 5:30 ரெண்டையும் வச்சு, சர்வரோட டைம்ஸோனை யூடிசியாக்கி ஓட்டுங்க.

ரெண்டு, தமிழ். இதுல நிறைய டீம் கோட்டை விடுது. "சென்னை" கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோடுல 6 குறி, யூடிஎஃப்-8ல (யூனிகோடைச் சேமிக்கிற முறை) 18 பைட். பேர் பெட்டியில "எழுத்து" வகையை மட்டும் அனுமதிக்கிற ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சரிபார்க்கிற விதி) இருந்தா "முத்து" உள்ளயே வராது, ஏன்னா உகரக் குறியும் புள்ளியும் யூனிகோடுல "மார்க்" வகை. "கொளத்தூர்"ல இருக்கிற "கொ"வை ரெண்டு விதமா சேமிக்கலாம்: ஒரே குறியா, இல்ல கொம்பும் காலும் தனித்தனியா. திரையில ஒரே மாதிரிதான் தெரியும், தேடினா சிக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி நார்மலைஸ் பண்ணுங்க (ரெண்டு விதத்தையும் ஒரே விதமா மாத்துறது). "கௌரி"யை "ள" போட்டு "கெளரி"ன்னு அடிக்கிறவங்க நிறைய. அதை என்எஃப்சி சரி பண்ணாது, தனியா பார்க்கணும்.

ரசீது பிடிஎஃப்பைக் கண்ணால பாருங்க. ஷேப்பிங் (குறிகளைச் சேர்த்து எழுத்து வடிவமாக்கிறது) தெரியாத லைப்ரரின்னா "செ"யில கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும். எஸ்எம்எஸ் தமிழ்ல போனா ஒரு மெசேஜுக்கு 160 இல்ல, 70 குறிதான்.

தரமணி_பெர்ஃப்:
லோட் டெஸ்ட் மூணாவது வாரம் போதும், ஆனா டேட்டா நிரப்பிட்டுப் பண்ணுங்க. ஸ்டேஜிங்ல (ரிலீஸுக்கு முன்னாடி சோதிக்கிற சர்வர்) 20 மண்டபம், 50 புக்கிங் இருந்தா இண்டெக்ஸ் இல்லாத க்வெரியும் பறக்கும். சில லட்சம் வரிசை போட்டாதான் உண்மை தெரியும். ஜேமீட்டரை சர்வர் இருக்கிற மெஷின்லயே ஓட்டாதீங்க. ஜன்னல் முறையில ஓட்டாம கமாண்ட் லைன்ல ஓட்டுங்க. சராசரியைப் பார்க்காதீங்க, 95-வது பெர்சன்டைலைப் பாருங்க (100ல 95 ரிக்வெஸ்ட் எந்த நேரத்துக்குள்ள முடியுதுங்கறது).

செக்யூரிட்டிக்கு ஸாப் (ஓட்டைகளைத் தேடற டூல்) ஸ்கேன் ஒரு நாள் வேலை. ஸ்டேஜிங்ல மட்டும், எஸ்எம்எஸ் கேட்வேயைத் துண்டிச்சிட்டுப் பண்ணுங்க, இல்லன்னா ஓடிபி ஃபார்மை அடிச்சே கிரெடிட் காலியாயிடும். ஆனா முக்கியமான ஓட்டையை ஸ்கேனர் கண்டுபிடிக்காது. ஒரு லாகின்ல போய் யூஆர்எல்ல இருக்கிற புக்கிங் எண் 1042-ஐ 1043 ஆக்குங்க. அடுத்த வீட்டு போன் நம்பரும் கல்யாணத் தேதியும் தெரிஞ்சா ரிலீஸை நிறுத்துங்க. 2021 ஓவாஸ்ப் டாப் 10ல (வெப் ஆப் ஓட்டைகளோட பட்டியல்) முதல் இடம், அனுமதியைச் சரியா பார்க்காத இந்த வகைக்குத்தான்.

பிரவுசர் வழியா ஓடற எண்ட்-டு-எண்ட் டெஸ்ட் 5க்கு மேல வேண்டாம்: தேடல், ஹோல்ட், பேமென்ட், கேன்சல், மண்டப உரிமையாளர் லாகின். பிரவுசரைத் தானா இயக்கற ப்ளேரைட் டூல் போதும். "3 செகண்ட் தூங்கு"ன்னு எங்கயும் எழுதாதீங்க, பட்டன் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்க. தள்ளிப் போடணும்னா பழைய பிரவுசர்களைத் தள்ளுங்க. ஐபோன் சஃபாரியையும் குறைஞ்ச விலை ஆண்ட்ராய்டையும் தள்ளாதீங்க.

கிண்டி_டெவ்:
ரொம்ப நன்றி. சின்க்ரனைசிங் டைமர் போட்டு ஓட்டினேன், அப்படியே தொங்கி நிக்குது. சர்வர் லாக்ல ஒரு ரிக்வெஸ்ட்கூட வரல.

பெருங்குடி_கியூஏ:
த்ரெட் குரூப்ல எத்தனை த்ரெட்னு பாருங்க. டைமர்ல 50, த்ரெட் 40ன்னா மீதி 10 பேருக்காக அது காத்துக்கிட்டே இருக்கும். ரெண்டையும் சமமாக்கி, டைமவுட்டை 0ல விடாம 5000 மில்லி செகண்ட் போடுங்க. ஸ்பிரிங் பூட்ல கனெக்ஷன் பூல் (டேட்டாபேஸுக்குத் திறந்து வைக்கிற இணைப்புகள்) இயல்பா 10தான், அதனால 50ல 10தான் ஒரே சமயம் டேட்டாபேஸைத் தொடும். ரேஸைக் காட்ட 10 போதும். பூலையும் 50 ஆக்கி ஒருமுறை ஓட்டிடுங்க.