ஒரே ரென்ற்றுக்குள் கறிவேப்பிலையும் மூன்று வகை மிளகாயும்: செற்றிங் எப்படி வைப்பது?

ஸ்காபரோ_தோட்டம்

வணக்கம். பேஸ்மென்ற்றில் 2×4 அடி ரென்ற் (செடி வளர்க்கிற கூடாரம்), 200 வாற் எல்ஈடி (கூட்டிக் குறைக்கலாம்), 4 அங்குல எக்ஸோஸ்ற் ஃபான். உள்ளே கறிவேப்பிலை 2, சாதாரணப் பச்சை மிளகாய் 2, கொச்சிக்காய் (சின்னக் கார மிளகாய்) 1, நை மிரிஸ் (வாசமுள்ள இலங்கை மிளகாய்) 1. சாடிகள் எல்லாம் நேரே சீமெந்து நிலத்தில்.

லைற் முழு வலுவில் 18 மணித்தியாலம். ஃபான் நிற்காமல் ஓடுது. லைற் எரியேக்க 25 பாகை, நின்றால் 15க்கு இறங்குது. ஈரப்பதன் 28%.

பச்சை மிளகாய் பூக்குது, ஆனால் காம்போடை மஞ்சளாகிக் கொட்டுது. நை மிரிஸ் இலை இரண்டு ஓரமும் மேலே மடியுது. கறிவேப்பிலை துளிரே இல்லை, கீழ் இலை உதிருது. எல்லாத்துக்கும் ஒரே செற்றிங் சரிவருமா, இல்லாட்டி இன்னொரு ரென்ற் வாங்க வேணுமா?

---

காரப்பொடி

இன்னொரு ரென்ற் தேவையில்லை. ஒரே லைற்றுக்குக் கீழேயே நடுவும் ஓரமும் வேறு வேறு இடங்கள்தான்; அதைப் பயன்படுத்துங்கோ.

முதலில் கணக்கு. ஒரு நாளில் செடிக்குக் கிடைக்கும் மொத்த வெளிச்சம் (சதுர மீற்றருக்கு மோலில்) = பிபிஎஃப்டி (PPFD, செடி மட்டத்தில் விழுகிற, செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) × மணித்தியாலம் × 0.0036. 200 வாற் நல்ல எல்ஈடி இந்த அளவு ரென்ற்றில் முழு வலுவில் 600 அளவில் தரும். 18 மணித்தியாலத்துக்கு அது 39 மோல் வரும். காய்க்கிற மிளகாய்க்கு 20 முதல் 25 தாராளம். கறிவேப்பிலை குளிர்காலத்தைக் கடக்க 12 காணும்.

ஆகவே ரைமரை 14 மணித்தியாலத்துக்கு மாற்றுங்கோ. நடுவில் செடி நுனி மட்டத்தில் 500 வரும்வரை லைற்றைக் குறையுங்கோ (500 × 14 × 0.0036 = 25). அப்போ மூலைகளில் 250 போல நிற்கும், அது 12.6. தனி மீற்றர் இல்லையெண்டால் ஃபோன் லக்ஸ் அளவியும் உதவும்: வெள்ளை எல்ஈடிக்கு லக்ஸை 67ஆல் வகுத்தால் ஓரளவு சரியான எண் வரும். 500 எண்டால் 33,000 லக்ஸ் சுமார்.

பச்சை மிளகாயும் கொச்சிக்காயும் நடுவில். நை மிரிஸ் இலை அகலமானது, கொஞ்சம் நிழல் தாங்கும், அதைப் பக்கவாட்டில் 350 முதல் 400 படுகிற இடத்தில் வையுங்கோ. கறிவேப்பிலை இரண்டும் மூலைக்கு. உயரம் குறைந்த சாடிக்கு அடியில் பெட்டி வைத்து நுனிகளை ஒரே மட்டமாக்க வேணும், இல்லாட்டி அளந்ததெல்லாம் வீண்.

இன்னொண்டு: நை மிரிஸ் நட்டதிலிருந்து பழுக்க 90 முதல் 120 நாள் எடுக்கும். பச்சை மிளகாய் 60 முதல் 80க்குள் தரும். நை மிரிஸ் பிந்துது எண்டு பசளையை அள்ளிக் கொட்டினால் இலைதான் வரும்.

---

வடலி

பூ கொட்டுறதுக்குக் காரணம் லைற் இல்லை, இரவு 15 பாகை. அந்தக் குளிரில் மகரந்தம் சரியாக உருவாகாது. இரவு 18 முதல் 21, பகல் 24 முதல் 28 வேணும். 32க்கு மேலே போனாலும் பூ கொட்டும்.

குற்றவாளி ஃபான். வெப்பத்தையும் ஈரத்தையும் இரண்டையும் வெளியே தள்ளுது. ஒரு கொன்ற்றோலர் போட்டு, 28 பாகை அல்லது 65% ஈரப்பதன் தாண்டினால் மட்டும் வேகமாக ஓட விடுங்கோ. மற்ற நேரம் மிகக் குறைந்த வேகம் காணும். உள்ளே காற்று அசைய ஒரு சின்ன கிளிப் ஃபான் போதும். இலை மெல்ல ஆடினால் சரி.

25 பாகையில் 28% எண்டால் காற்றின் வரட்சி 2.3 கிலோபாஸ்கல். வேர் உறிஞ்சுற வேகத்துக்கு மேலாக இலை தண்ணியை இழக்கும். 60% ஆக்கினால் அது 1.3க்கு வரும், மிளகாய்க்கு நல்ல இடம். நை மிரிஸ் இலை மடியுறது இந்த வரட்சியும் கூடுதல் லைற்றும் சேர்ந்துதான். ஈரப்பதனைக் கூட்ட ஒரு ஹியூமிடிஃபையர் (காற்றை ஈரமாக்கிற கருவி) வைத்து, அதுக்குக் காய்ச்சி வடித்த தண்ணி ஊற்றுங்கோ. அல்ட்ராசொனிக் வகையில் குழாய்த் தண்ணி ஊற்றினால் இலை முழுக்க வெள்ளைப் பொடி படியும். 70%க்கு மேலே விடவேண்டாம். மகரந்தம் ஒட்டிப்போகும், பேஸ்மென்ற் சுவரும் பூஞ்சணம் பிடிக்கும்.

உள்ளே தேனீ இல்லை. லைற் எரிஞ்சு சில மணித்தியாலத்துக்குப் பிறகு, விரிந்த பூவின் காம்புக்குப் பின்னாலே மின் பல்துலக்கியின் பின்பக்கத்தை 2 செக்கன் தொடுங்கோ. மஞ்சள் தூள் உதிருறது கண்ணுக்குத் தெரியும். தெரியாட்டி அடுத்த நாளும் செய்யுங்கோ.

---

கறிவேம்பு_அக்கா

தம்பி, கறிவேப்பிலைக்கு நீங்கள் காற்றின் வெப்பநிலையைப் பார்க்கிறியள், மண்ணைப் பார்க்கேல்லை. சீமெந்து நிலத்தில் இருக்கிற சாடியின் வேர் காற்றைவிடக் குளிராயிருக்கும். மண் 16க்குக் கீழே இறங்கினால் மரம் உறங்கிவிடும். அந்த நேரம் வழமைபோலத் தண்ணி ஊற்றினால் வேர் அழுகும். இலை கொட்டுதெண்டு இன்னும் ஊற்றுவினம், அதோடை சரி.

சாடிக்கு அடியில் ஒரு அங்குலம் அல்லது இரண்டு அங்குல இன்சுலேஷன் ஃபோம் பலகை வையுங்கோ. அதுக்கு மேலே விதை முளைக்க வைக்கிற ஹீற் மற், தெர்மொஸ்ரற்றோடை. உணரியை மண்ணுக்குள் 2 அங்குலம் குத்தி 22 பாகைக்கு வையுங்கோ. தெர்மொஸ்ரற் இல்லாமல் ஹீற் மற் போடவேண்டாம். விரலை விட்டு மேல் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகுதான் தண்ணி, அதுவும் குளிரில்லாத தண்ணி.

துளிர் வந்த பிறகு, புது இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் தெரிந்தால் அது இரும்புக் குறை. ரொறொன்ரோக் குழாய்த் தண்ணி ஒன்ராறியோ ஏரித் தண்ணி, ஓரளவு கடினமானது. காலப்போக்கில் சாடி மண்ணின் பிஎச்சைத் தூக்கிவிடும். கறிவேப்பிலைக்கு 6 முதல் 6.5 வேணும். அமில மண் விரும்புற அசேலியாப் பூச்செடிக்கு விக்கிற 30-10-10 (நைதரசன்-பொஸ்பரஸ்-பொட்டாசியம்) பசளையைப் பாதி அளவில், துளிர் ஓடுகிற காலத்தில் மாதம் ஒருக்கால். உறங்குகிற மரத்துக்குப் பசளை போடவே வேண்டாம். ஒன்ராறியோவில் குவல்ஃப் நகரப் பக்கம் இருக்கிறவைக்கு நிலத்தடித் தண்ணி, இன்னும் கடினம், அவை மழைத்தண்ணி சேர்க்கிறது நல்லம்.

சாடியையும் பெரிசாக மாற்றாதேங்கோ. வேர் சாடியை நிறைக்கிற வரைக்கும் அதே சாடி.

---

ஸ்காபரோ_தோட்டம்

நன்றி எல்லாருக்கும். இரண்டு கேள்வி. 14 மணித்தியாலம் எந்த நேரம் வைக்கிறது? கொச்சிக்காய் நுனி இலை ஒடுங்கி, கீழ்ப்பக்கமாக வளைஞ்சு நிற்குது. இதுவும் வரட்சியா?

---

காரப்பொடி

இரவு 9 முதல் காலை 11. வீடு கூடக் குளிருகிற நேரத்தில் லைற்றே சூடாக்கும். ஒன்ராறியோவின் மலிவு இரவு மின்கட்டணத் திட்டத்தில் இருந்தால் இரவு 11 முதல் காலை 7 மலிவு, மாலை 4 முதல் 9 வார நாட்களில் ஆகக் கூட. அந்த நேரம் லைற் நின்றிருக்கும். முழு வலுவில் எரிந்தாலும் நாளுக்கு 2.8 யூனிற்தான்.

---

வடலி

கொச்சிக்காய் வரட்சி இல்லை. வரட்சியில் இலை மேலே மடியும். நுனி ஒடுங்கிக் கீழே வளைந்து, அடிப்பக்கம் செம்பு நிறமாக மினுங்கினால் அது பரந்த சிற்றுண்ணி, ஆங்கிலத்தில் புரோட் மைற். வெறும் கண்ணுக்குத் தெரியாது, 60 மடங்கு பெருக்கிற லூப் (கைக் கண்ணாடி) வேணும். நுனி இலையின் அடியில் புள்ளி போட்ட நீள்வட்ட முட்டைகள் இருக்கும்.

அந்தச் செடியை இண்டைக்கே ரென்ற்றை விட்டு வெளியே எடுங்கோ. நுனிகளை வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, நனையும் கந்தகத்தை (தண்ணியில் கலக்கி அடிக்கிற கந்தகத் தூள்) லேபிள் அளவில், லைற் நின்ற பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கோ. 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று தரம். எண்ணெய் ஏதும் அடித்திருந்தால் இரண்டு கிழமை கழியாமல் கந்தகம் அடிக்கக் கூடாது, இலை கருகும். கறிவேப்பிலையில் அடிக்கவேண்டாம், அதைப் பிடுங்கிக் கறிக்குப் போடப் போறியள். லூப்பாலை மட்டும் பாருங்கோ.