‘ஐட்டம் 2’ என்றால் எந்த வரிசை?

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். 2023 ஆகஸ்டில் இ-இன்வாய்ஸுக்கான (ஜிஎஸ்டிக்காக அரசுத் தளத்தில் பதியும் மின்-பில்) விற்றுமுதல் வரம்பு 5 கோடியாக இறங்கியதும் அவர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். எக்செலில் இருக்கும் பில்லை ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றி, அனுப்புவதற்கு முன் ஸ்கீமாவோடு (எந்த இடத்தில் எந்த வகைத் தரவு வர வேண்டும் என்ற விதிப்பட்டியல்) சரிபார்ப்பது என் நிரலின் வேலை.

ஒருநாள் கணக்கு பார்க்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, ஐட்டம்லிஸ்ட் 2, ஹெச்எஸ்என், மஸ்ட் பி ஸ்ட்ரிங்னு சிவப்பா வருதுங்க. ரெண்டாவது வரிய நாலு தடவ அழிச்சு அடிச்சுட்டேன், போகவே மாட்டேங்குது."

எப்படிப் போகும்? நிரல் 0-வில் இருந்து எண்ணும். அது சொன்ன 2, மூன்றாவது பொருள். எக்செலில் தலைப்பு வரியையும் சேர்த்தால் 4-ஆவது வரிசை. பாவம், ஒரு தப்பும் இல்லாத வரியோடு காலையெல்லாம் மல்லுக்கட்டியிருக்கிறார்.

அடுத்து அந்த ஸ்ட்ரிங், அதாவது எழுத்தாக வைக்கும் தரவு. ஹெச்எஸ்என் என்பது பொருளின் வகையைச் சொல்லும் குறியீடு; மஞ்சளுக்கு 091030. செல்லில் அடித்ததும் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் சைபரை விழுங்கிவிடும். மிஞ்சுவது 91030. "அக்கா, இது போன் நம்பர் மாதிரி. ரெண்டு போன் நம்பரை யாராவது கூட்டிப் பார்ப்பாங்களா? அதான் இதை எழுத்தாவே வெச்சுக்கணும்" என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப பின்கோடும் எழுத்துதானுங்க?"

அங்கே நான் மாட்டிக்கொண்டேன். அந்த ஸ்கீமாவில் பின்கோடு எண்தான். நம் மாநிலக் குறியீடு 33 மட்டும் ஸ்ட்ரிங். ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை.

அன்று இரவே செய்தியை மாற்றி எழுதினேன்: "எக்செல் வரிசை 4, மஞ்சள்: ஹெச்எஸ்என் 91030 என்று இருக்கிறது. முன்னால் 0 விட்டுப்போயிருக்கலாம். செல்லை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு மறுபடி அடிக்கவும்." அதற்கப்புறம் இந்த விஷயத்துக்காக அக்கா கூப்பிடவில்லை.

*

இன்னொரு நிரலாளர்: எங்கள் கதை இதைவிட மோசம். ஸ்கீமாவில் பணம் செலுத்தும் பகுதிக்கு ‘ஒன்ஆஃப்’ (பல கிளைகளில் ஒன்று மட்டும் பொருந்த வேண்டும் என்ற விதி) போட்டு, கார்டு அல்லது யூபிஐ என்று எழுதியிருந்தோம். யூபிஐ ஐடியில் ஒரு எழுத்து பிசகினால் இரண்டு கிளையுமே தோற்கும். சரிபார்ப்பானும் இரண்டின் பிழைகளையும் கொட்டும். அதில் "கார்டு எண் இல்லை" என்பதுதான் முதலில் நிற்கும். வாடிக்கையாளர் சேவையில் இருந்த தங்கச்சி அதை நம்பி, யூபிஐயில் கட்டியவரிடம் போய் கார்டு எண் கேட்டுவிட்டாள். அவர் மோசடிக் கும்பல் என்று நினைத்துத் திட்டியதில் தப்பே இல்லை. இப்போது எந்த வகை என்று முதலில் பார்த்துவிட்டு, அந்தக் கிளையின் பிழையை மட்டும் காட்டுகிறோம்.

*

மூன்றாவது நிரலாளர்: நான் ஏஜேவி என்ற சரிபார்ப்பானைப் பயன்படுத்துகிறேன். சும்மா விட்டால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். ஒன்றைத் திருத்தினால் அடுத்தது வரும், அதைத் திருத்தினால் இன்னொன்று. "வேணும்னே ஒவ்வொண்ணா சொல்றீங்களா சார்?" என்று பயன்படுத்துகிறவர்கள் கேட்டுவிட்டார்கள். சரி என்று ‘ஆல்எரர்ஸ்’ என்ற அமைப்பைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் காட்டினேன். அன்றைக்குத்தான் போன் ஓயவே இல்லை.