மறுமொழி: கிட்டார் ‘ஸ்கேல்’ – ‘சுரக்கோவை’ என்னும் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கிட்டார் கற்போருக்கான கையேட்டில் ‘ஸ்கேல்’ (இசைக்கு அடிப்படையாகும் சுரங்களின் தொகுப்பு) என்பதற்கு இணையாக ‘அளவுகோல்’, ‘மேளம்’, ‘சுரவரிசை’ ஆகிய மூன்று தமிழ்ச்சொற்கள் இந்தக் கலைச்சொல் விவாத இழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. ‘அளவுகோல்’ இசைக்குப் பொருந்தாது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற இரண்டையும் எடைபோடுவதற்கு முன், ஸ்கேல் பயில்வதால் கற்பவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. சொல் எதை உணர்த்த வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெளிவாகும்.

பொதுவாக முதலில் சொல்லப்படும் பயன் விரற்பழக்கம். இடக்கையின் நான்கு விரல்களுக்கு அடுத்தடுத்த நான்கு ஃப்ரெட்டுகளை (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளால் பிரியும் இடங்களை) ஒதுக்கி, பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகட்டை) மேலும் கீழுமாக மாற்றி மாற்றி மீட்டி, மெட்ரோனோமின் (சீராகத் தாளம் தட்டும் கருவியின்) தட்டுக்கு மெதுவாக வாசித்துவந்தால், சுண்டுவிரல் வலுப்பெறும். இரு கைகளும் ஒரே கணத்தில் இயங்கப் பழகும். ஆனால் இசைப்பொருள் ஏதுமற்ற வெறும் விரற்பயிற்சியும் இதைத் தந்துவிடும். ஸ்கேலுக்கே உரிய பயன் வேறு.

பியானோவில் ஒரு குறிப்பிட்ட சுரத்தை ஒரே கட்டையில்தான் வாசிக்க முடியும். கிட்டாரிலோ, முதல் தந்தியை (மிக மெல்லியதை) எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் மீட்டும்போது ஒலிக்கும் அதே சுரம், இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் ஃப்ரெட்டிலும், ஐந்தாம் தந்தியின் 19ஆம் ஃப்ரெட்டிலும் கிடைக்கிறது. வழக்கமான சுருதி அமைப்பில் அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே 5 அரைச்சுர இடைவெளி (ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் ஓர் அரைச்சுரம்) உண்டு; மூன்றாம், இரண்டாம் தந்திகளுக்கு இடையே மட்டும் அது 4. ஆகவே கற்பவர் மனப்பாடம் செய்ய வேண்டியது தனித்தனி இடங்களை அல்ல, சுரங்களுக்கு இடையேயான உறவை. ஆறாம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் ஜி சுரத்தை ஆதாரமாகக் கொண்ட ஜி மேஜர் ஸ்கேலாகத் தொடங்கும் விரலமைப்பை அப்படியே 5ஆம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தினால் அது ஏ மேஜர் ஆகிவிடுகிறது. சி மேஜரின் 1, 3, 5ஆம் சுரங்களைச் சேர்த்தால் சி மேஜர் கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு). அதே தொகுப்பின் 2, 4, 6ஆம் சுரங்களைச் சேர்த்தால் டி மைனர் கார்டு. கார்டுகளைத் தனித்தனிப் படங்களாக உருப்போட்டவருக்கு அவை ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்பது விளங்குவது இந்தப் பயிற்சியில்தான். ஒரு பாடலைக் கேட்டதும் எந்தச் சுரங்கள் அதற்குள் வரும், எவை வெளியே நிற்கும் என்று காது முன்கூட்டியே அறியத் தொடங்குவதும் இதனால்தான். என் மதிப்பீட்டில் மற்ற எல்லாப் பயன்களையும்விட இதுவே பெரிது.

இனி, சொற்கள். ‘மேளம்’ என்பது கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களை நினைவூட்டும். மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களும் 29ஆம் மேளமாகிய சங்கராபரணத்தின் சுரங்களே என்பது உண்மை. கற்பவருக்கு அதைச் சொல்லித்தரவும் வேண்டும். ஆனால் மேளகர்த்தா முறையில் ஒவ்வொன்றும் ஏழு சுரம் கொண்டது. பஞ்சமம் (ப) எப்போதும் இடம்பெறும். மத்திமத்தின் (ம) இரு வகைகளும் சேர்ந்து வரும் ஆறு சுர ப்ளூஸ் ஸ்கேலும், பஞ்சமமே இல்லாத ஹோல் டோன் ஸ்கேலும், 12 சுரங்களும் வரும் குரோமாட்டிக் ஸ்கேலும் அதற்குள் அடங்கா.

‘சுரவரிசை’ இவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதன்று. அதுவே பலருடைய விருப்பமாகவும் இருக்கிறது. எனினும் நம் இசைக்கல்வியில் ‘வரிசை’ என்பது ஏற்கெனவே பயிற்சியின் பெயர்: சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை. ஸ்கேல் என்பது பயிற்சிக்கான மூலப்பொருள். வரிசை என்பது அப்பொருளைக் கொண்டு நாம் செய்யும் பயிற்சி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கற்பவர் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் ஓடிக்காட்டுவதே ஸ்கேல் என்று நம்பிவிடுவார்; இசைக்கோலம் ஒன்றை உடனடியாகக் கற்பனை செய்து வாசிக்க வேண்டிய இடத்தில் அவரால் ஏறி இறங்க மட்டுமே முடியும். ஒரு சுரம் விட்டு ஒரு சுரமாகத் தாவியும், மூன்று மூன்றாகவோ நான்கு நான்காகவோ தொகுத்தும், நடுவிலிருந்து தொடங்கியும் பயின்றால்தான் அது கைவசப்படும்.

எனவே ‘சுரக்கோவை’ என்பதை முன்மொழிகிறேன். கோத்து வைத்த மணிகளை எந்த மணியிலிருந்தும் எண்ணத் தொடங்கலாம் என்பதுபோல, கோவைக்கு உறுப்புகள் முக்கியம், தொடக்கம் மாறலாம். 14 நரம்புகள் கொண்ட சகோடயாழின் நரம்புத் தொகுதியைப் ‘பதினாற்கோவை’ என்று வழங்கிய மரபும் நமக்கு உண்டு. மோகன ராகத்தின் ஐந்து சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு தைவதத்தை (த) ஆதார சுரமாக, அதாவது ‘ச’வாக, மாற்றினால் சுத்த தன்யாசி ராகம் கிடைக்கிறது. ஐந்து சுர ஸ்கேல்களான சி மேஜர் பென்டடோனிக்கும் ஏ மைனர் பென்டடோனிக்கும் இடையே உள்ள உறவு இதுவேதான். அதே விரலமைப்பை ஒருமுறை சி மேஜர் கார்டின் மேலும், மறுமுறை ஏ மைனர் கார்டின் மேலும் வாசிக்கச் சொன்னால், ஆதார சுரத்தின் ஆற்றலைக் கற்பவர் தம் காதாலேயே உணர்ந்துகொள்வார். ஆகையால் கோவையின் வரையறையில் ‘ஆதார சுரத்தோடு கூடிய’ என்ற தொடர் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரு தடை எழலாம். மேற்கத்தியச் செவ்வியல் மரபின் மெலோடிக் மைனர் என்னும் ஸ்கேலில் ஏறும்போது வரும் ஆறாம், ஏழாம் சுரங்கள் இறங்கும்போது அரைச்சுரம் தாழ்ந்துவிடுகின்றன. அங்கே வரிசை முக்கியமாகிறதே என்று கேட்கலாம். அதற்கு ‘ஏறுகோவை’, ‘இறங்குகோவை’ எனப் பிரித்துச் சொன்னால் போதும். மேஜருக்குப் ‘பெருங்கோவை’, மைனருக்குச் ‘சிறுகோவை’, பென்டடோனிக்குக்கு ‘ஐஞ்சுரக் கோவை’ எனக் கிளைச்சொற்களும் இயல்பாக அமைகின்றன. பயிற்சிகளை மட்டும் ‘கோவை வரிசைகள்’ எனலாம்.

கிட்டார் செய்வோர் ‘ஸ்கேல் லெங்த்’ என்று குறிப்பது நட்டுக்கும் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்குவது) பிரிட்ஜுக்கும் (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்குவது) இடையில் அதிரும் தந்தியின் நீளத்தை. அதற்கும் சுரக்கோவைக்கும் தொடர்பில்லை என்பதால் ‘அதிர்நீளம்’ எனத் தனிப்பதிவு இட வேண்டுகிறேன். ஃப்ரெட்டுக்கு வீணையில் வழங்கும் ‘மெட்டு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாமா, பாடலின் மெட்டோடு குழம்புமா என்பதில் வீணை, கிட்டார் இரண்டும் அறிந்தவர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.