தடுப்புக்கும் பவர் ஹவுஸுக்கும் நடுவில்

இலங்கை மலையகத்தில், கினிகத்தேனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கீழே ஓடுகிற ஆற்றில் மினி ஹைட்ரோ என்கிற சின்ன நீர்மின் நிலையம் வந்து 12 வருடம் ஆகிறது.

"பெரிய அணை இல்லை, எடுக்கிற தண்ணீரைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவோம்" என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். அது பொய் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே ஆளுயரத் தடுப்பு, மலையோரமாக வாய்க்கால், அது முடிகிற இடத்தில் ஒரு தொட்டி, அங்கிருந்து கீழே இறங்கும் இரும்புக் குழாய், அடியில் பவர் ஹவுஸில் டர்பைன். டர்பைனைச் சுற்றிய தண்ணீர் ஆற்றுக்கே வருகிறது. ஆனால் தடுப்புக்கும் பவர் ஹவுஸுக்கும் நடுவே ஒன்றரை மைல் ஆறு கிடக்கிறது. எங்கள் மூன்று லயமும் அந்த ஒன்றரை மைலில்தான்.

தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது, தடுப்புக்கு மேலாகவே புரண்டு வரும். தை, மாசியில் வந்து பார்க்க வேண்டும். வெறும் பாறைதான். குழிகளில் மட்டும் கொஞ்சம் பாசித் தண்ணீர். கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன மீன்களை நாங்கள் சிறுவயதில் கையால் பிடிப்போம். என் மகனுக்கு அதைக் காட்ட முடியவில்லை.

அதைவிட எனக்கு வலிப்பது பீலி, அதாவது லயத்துக்குத் தண்ணீர் வந்து விழும் பொதுக் குழாய். முன்பு குளிப்பதும் உடுப்புத் துவைப்பதும் ஆற்றில், குடிக்க மட்டும் பீலித் தண்ணீர். இப்போது எல்லாமே பீலியில். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். என் அம்மா இருட்டிய பிறகு குளித்துவிட்டு வருவார். திட்டத்தின் பாதிப்பு என்று யாரும் இதை எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

வேலை கிடைத்ததையும் சொல்ல வேண்டும். கட்டுகிற காலத்தில் எங்கள் பொடியன்கள் நிறையப் பேர் கைக்காசு பார்த்தார்கள். கட்டி முடித்ததும் நாலைந்து பேர் போதும் என்றாகிவிட்டது. கரண்ட் நேராகத் தேசிய கம்பிக்குப் போகிறது.

ஒரு நாள் தடுப்பில் சேர்ந்த மணலைத் தள்ள அடிக்கதவைத் திறந்துவிட்டார்கள். மழையே இல்லாத நாள். என் அக்கா பாறைக் குழியில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தார். சேற்றுத் தண்ணீர் சத்தத்தோடு வந்து மூட்டையை அடித்துக்கொண்டு போனது. அக்கா மேட்டில் ஏறிவிட்டார், கையில் பிள்ளை இருந்திருந்தால்? அப்புறம் தோட்டத் தலைவரோடு போய்ப் பேசி, எட்டு மாதம் கழித்துச் சைரன் வந்தது.

தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் ஓடத் தொடங்கியபோது, சென் கிளேயர் அருவிக்கு இத்தனை மணி நேரம் தண்ணீர் விட வேண்டும் என்று வைத்தார்கள். அது 150 மெகாவாட், எங்களுடையது 10க்கும் கீழே. பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் அந்த அருவி படும், அதனால் அதற்காகப் பேச ஆள் இருந்தது.

நான் மினி ஹைட்ரோவுக்கு எதிரி இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே தேயிலைத் தொழிற்சாலைகளில் தண்ணீர் டர்பைன் ஓடிய மலை இது. கோடையிலும் இவ்வளவு தண்ணீர் ஆற்றில் விட்டே ஆக வேண்டும் என்று தடுப்பில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஓர் அளவுக்கோடு போடச் சொல்கிறோம். உங்கள் பக்கம் யாராவது அப்படிக் கேட்டு வாங்கியிருந்தால், யாரிடம் போனீர்கள், என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். தை பிறப்பதற்குள் நாங்களும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும்.